மிளகாய் பறிக்க வந்தவர்கள்

பந்தல்குடியைத் தாண்டியதும், சாலையோரம் காயும் மிளகாய் வற்றலின் நெடி பஸ்ஸுக்குள் ஏறியது. பக்கத்தில் அம்மா தும்மினாள். அப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்த வருடம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆள் வைத்துப் பறிக்க வழியில்லாமல் எங்கள் வயலில் மிளகாய்ப் பழம் செடியடியிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு காலையில் சர்ச்சு உபதேசியார் நாலைந்து பெண்களோடு வரப்பில் வந்து நின்றார்.

“தாயி, பறிச்சுக் குடுத்துட்டுப் போறோம்.”

அம்மா வழிவிடவில்லை. “சும்மா யாரு வேல செய்வா? நாளைக்கு எங்கள ஒங்க வேதத்துல சேரச் சொல்லுவீக.”

“சொல்ல மாட்டோம் தாயி. மழை எறங்கப் போகுது.”

அம்மா வானத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள். ஆனாலும் யாராவது மடியில் ஒளிக்கிறார்களா, வாய்க்குள் செபம் முணுமுணுக்கிறார்களா என்று கூடவே நடந்தாள். ஒருத்தி மிளகாய்க் கையைக் கண்ணில் வைத்துத் துடித்தபோது அம்மாதான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். அப்போதும் அவள் முகம் இளகவில்லை.

மூட்டைகளை வீட்டில் இறக்கிவிட்டு, கஞ்சிகூடக் குடிக்காமல் அவர்கள் போனார்கள். பிறகு உபதேசியார் அடிக்கடி வந்து அப்பாவின் காலைப் பற்றி மட்டும் விசாரிப்பார். இன்றைக்கு வேதத்தில் சேரக் கேட்டுவிடுவார் என்று ஒவ்வொரு முறையும் அம்மா கதவைப் பிடித்தபடி நிற்பாள்.

“அந்த உபதேசியார் நெனப்பிருக்காம்மா?” என்று பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

“கடைசி வரைக்கும் ஒண்ணுமே கேக்காம போய்ச் சேந்துட்டாகளேடி” என்றாள் அம்மா. “கேட்டிருந்தாகன்னா, முடியாதுன்னு சொல்லிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்.”