நாலு பக்கத்துக்கு மேல் தராத சுந்தரம்

கரமனை கம்ப்யூட்டர் கடை சுந்தரம் இன்று காலை இறந்துவிட்டான். நெஞ்சு வலியாம்...

ஆளாளுக்கு நல்லவன், தங்கமானவன் என்று எழுதுகிறீர்கள். என்னால் முடியாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சர்க்கார் சைட்டில் ஏற்றுவதற்கு, பிடிஎஃப்பைப் பக்கம் பக்கமாகப் போட்டோவாக மாற்றித் தருவான். கடையில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். நாலு பக்கம் மாற்றியதும் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவான். அதோடு நம் முறை முடிந்தது. மீதிப் பக்கம் இருந்தால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். முட்டு வலி இருந்தாலும்தான்.

"மெமரி கொஞ்சம்தான், ஆச்சி. மொத்தமா மாத்தினா மெஷின் அப்படியே நின்னுரும். பிறகு ஆருக்கும் கிடையாது, கேட்டியளா."

"புதுசு ஒண்ணு வாங்கேன்டே."

"இது ஓடுதுல்லா?"

இதுதான் அவன் பதில். எப்போதும்.

என் பேரன் பத்தாம் கிளாஸில் ஸ்கூல் ஃபர்ஸ்ட். அந்த சர்டிபிகேட்டை மாற்றிக் கொடுத்தான்... 'ஃபர்ஸ்ட்' என்ற இடத்தில் ஒரே கறுப்பு.

"என்னடே இது, ஈ ஒட்டின மாதிரி இருக்கு?"

"தெளிவா வச்சா மெமரியத் தின்னும் ஆச்சி. ஃபர்ஸ்ட் வந்தது பேரனுக்குத் தெரியும்லா? அது மதி, அது போதும்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அதைக்கூட விட்டுவிடுவேன்.

அடுக்களைக் கதவை விட மாட்டேன்.

என் கொழுந்தன் மகன் எங்கள் வீட்டுப் பின்வழியை மறித்துச் சுவர் கட்டப் பார்த்தான். தடை கேட்டு ஆன்லைனில் மனு. ஆதாரத்தின், அதாவது வீட்டுப் பத்திரத்தின், எல்லாப் பக்கமும் போட்டோவாக ஏற்ற வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. பென் டிரைவை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

நாலு பக்கம். பின்னால் போ. மறுபடி நாலு. மறுபடி பின்னால்... எனக்கு முன்னால் விழிஞ்ஞத்திலிருந்து வந்த ஒரு மீன்காரப் பெண், கையில் ஆஸ்பத்திரிப் பேப்பர்.

"சுந்தரம், அஞ்சு மணிக்கு சைட்டை அடச்சிருவான். என் வீட்டு வழி போவுதுடே. இந்த ஒரு தடவை எல்லாத்தையும் மாத்திக் குடு."

"அந்த அக்கா மாப்பிள்ளைக்கு நாளைக்கு ஆபரேஷன். உங்களுக்கு நாலு ஆச்சு ஆச்சி, எழும்புங்க."

"நான் உன் அம்மை வயசுடே."

"அம்மை வந்தாலும் நாலுதான்."

எல்லை எழுதிய பக்கம் கடைசியில் இருந்தது. அது வருவதற்குள் ஐந்து அடித்துவிட்டது. பென் டிரைவைப் பிடுங்கி என் கையில் வைத்தான்.

இப்போது அடுக்களைக் கதவைத் திறந்தால் பூசாத செங்கல். ஒரு வாளித் தண்ணீர் கொட்ட வேண்டுமென்றாலும் வீட்டைச் சுற்றித்தான் போகிறேன்.

'சுந்தரம் அண்ணனுக்கு எல்லாரும் சமம்' என்று ஒருவர் போஸ்ட் போட்டிருக்கிறார். ஆமாம், சமம்தான். வந்து அந்தச் செங்கலில் எழுதிவிட்டுப் போங்கள்.

மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். அழுவதற்கு இல்லை. முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்காமல் அனுப்ப எனக்கு மனசில்லை.

தெருமுனை வரை வரிசை. எனக்கு முன்னால் அதே விழிஞ்ஞத்துக்காரி, அழுதுகொண்டு. அன்றைக்கும் முன்னால், இன்றைக்கும் முன்னால்.

என் முறை வந்தது. உள்ளுக்குள்ளே கேட்க ஆரம்பித்தேன். பாதி கூட ஆகவில்லை...

"ஆச்சி, கொஞ்சம் நகருங்க. பின்னால ஆள் நிக்குது."

நேரே வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன்.

மறுபடி என் முறை வருவதற்குள் தூக்கிவிட்டார்கள்.

மீதியை இங்கே எழுதிவிட்டேன்.

போ, சுந்தரம்.