மெல்போர்னில் சூரியன் மறைந்ததா?

எங்கள் அத்தா சாத்தூரில் பிறந்தார்கள். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தபோதே தொழுகை நேரங்களைத் தாமே கணக்கிடக் கற்றுக்கொண்டார்கள். பிறகு விருதுநகரில் இரண்டு கம்ப்யூட்டரோடு, தொழுகை நேர அட்டைகள் தயாரிக்கும் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். ‘நேரம் விக்கிற பாய்’ என்று ஊரார் கேலி செய்வார்கள். அத்தாவும் சேர்ந்து சிரிப்பார்கள்.

மலேசியா, சிங்கப்பூர், துபாய் என ஆர்டர்கள் வந்தன. ஒவ்வோர் ஊருக்கும் மணி வித்தியாசத்தை ஒரே ஒரு முறை கேட்டுக்கொள்வோம். அதே பழக்கத்தில்தான் மெல்போர்ன் பள்ளிவாசலுக்கும் ரமலான் நோன்பு நேர அட்டை செய்தோம். கேட்டு எழுதியவள் நான்.

நோன்பு பாதி கடந்திருந்த ஒரு வியாழக்கிழமை, அந்தப் பள்ளிவாசல் நிர்வாகி, நம் ஊர்ப் பக்கத்துக்காரர், போனில் பேச்சுவாக்கில் சொன்னார்: “வெயில்காலம் முடியுதுல்ல, ஞாயித்துக்கிழம இங்கன கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வைப்பாக.”

அத்தா உடனே அட்டையை எடுத்துப் பார்த்தார்கள். ஞாயிறு முதல் எங்கள் அட்டை ஒரு மணி நேரம் பிந்திக் காட்டும். அதை நம்பி, விடியுமுன் முடிக்க வேண்டிய ஸஹர் உணவை உண்பவர்கள் விடிந்த பிறகும் உண்டுகொண்டிருப்பார்கள். அவர்களுடைய நோன்பு நிறைவேறாது.

“விடுங்க பாய், அங்கன இருக்கவுகளுக்குத் தெரியாதா? நாமளே தப்புன்னு சொன்னா அடுத்த ஆர்டர் வராது” என்றார் அட்டையை அச்சடித்துத் தந்த அச்சக முதலாளி. வெட்கத்தோடு எழுதுகிறேன், நானும் அதையேதான் நினைத்தேன்.

“நாளைக்கு அல்லா என்னையத்தாம்மா கேப்பான்” என்றார்கள் அத்தா. நிர்வாகியிடம் தவற்றைச் சொல்லி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் அறிவிக்க வைத்தார்கள். அட்டை கொடுத்த கடைகளுக்கெல்லாம் போன் செய்தார்கள். ஒரு மளிகைக்கடை மட்டும் சனிக்கிழமை மதியம்வரை எடுக்கவேயில்லை. அத்தா நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் எடுத்தவர், “எல்லா அட்டையிலயும் பேனாவால மாத்திட்டேன் பாய்” என்ற பிறகே லுஹர் தொழ எழுந்தார்கள்.

உண்மை பேசியதால் வளர்ந்தோம் என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு ஆர்டர்கள் போயின. மெல்போர்ன் மட்டும் எங்களோடு நிலைத்தது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் முதல் நோன்பன்று அத்தா அங்கே போன் செய்து, “சூரியன் மறைஞ்சிருச்சா?” என்று கேட்பார்கள்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்திருந்தபோதும், “கேக்காம விட்றாதம்மா” என்றார்கள். அந்நாட்களில் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தோள் கொடுத்த ஜமாஅத்தாருக்கும், உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அத்தாவுக்காக துஆச் செய்யுங்கள்.

இந்த ஆண்டு முதல் நோன்பன்று, இங்கே மதிய வெயில் கொளுத்தியபோது, நான் மெல்போர்னுக்குப் போன் செய்தேன். கேட்பதற்குள் நிர்வாகியே சொன்னார்: “மறைஞ்சிருச்சும்மா. அட்டையில போட்ட அதே நிமிசம்.”

இதைக் கேட்க அத்தா இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.