குழாய் பூட்டிய பானையும் கீழ்வீட்டுப் படுக்கை விரிப்பும்

இன்று மத்தியானம் சுவிஸ் ஷ்லீரனில் எங்கள் வீட்டுப் பல்கனியில் பியர் காய்ச்சினோம்.

பெரிய சில்வர் பானையில் நானே ஓட்டை துளைத்து, அடிப்பக்கத்தில் ஒரு குழாய் பூட்டியிருந்தேன். முளைவிட்ட பார்லியை அரைத்து, துணிப்பையில் கட்டி, சுடுநீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டாயிற்று. மேலே கொளுவிய கப்பியில் கயிறு போட்டு, என் கணவர் பையைத் தூக்கிப் பிடித்தார்.

அப்போது குழாய் பூட்டிய இடம் கசியத் தொடங்கியது. பிறகு ஓடத் தொடங்கியது. ஆவி பறக்கும் சாறு பல்கனி விளிம்பால் கீழே வழிந்தது. நான் குனிந்து குறட்டால் குழாயின் மரையைப் பிடித்தேன். தலைக்கு மேலே பை ஆடியது.

"கயிறு வழுக்குது, தள்ளி நில்!"

"விட்டிடாதேங்கோ! விழுந்தால் என்ரை முகம் அவிஞ்சிடும்!"

அவர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். மரை அரைச் சுற்றுத் திரும்பியது. இன்னும் அரைச் சுற்று. ஒழுக்கு நின்றது.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு அம்மா. கையில் கீழே கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பு, நடுவில் மண்ணிறத் திட்டு.

"இது என்ன?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"பியர்," என்றேன்.

திட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னும் பியர் ஆகவில்லை," என்று சிரிக்காமல் சொல்லி, விரிப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

கட்டடத்தில் எல்லா வீட்டாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் எங்கள் முறை வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்தக் கறை போக என்ன போடலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பியரையே ஊற்றிப் பார் என்று மட்டும் எழுத வேண்டாம். அதை என் கணவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.