கையில்லாத அம்மா

பதுளைக்கு ரயில் வந்த பிறகு எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குச் சுரூபங்கள் கொழும்பிலிருந்து மரப்பெட்டியில் வருகின்றன. போன வாரம் ஒன்று வந்தது. கோயில் கூட்டுகிறவள் நான். குப்பை விழுமே என்று விளக்குமாற்றோடு பக்கத்தில் நின்றேன். மூடியை நெம்பியதும் காய்ந்த வைக்கோல் வாசனை எழும்பியது. "கையப் பாத்துத் தூக்குங்க. கைதான் மொதல்ல போகும்" என்றார் கோயில் காரியம் பார்க்கும் கோயில்பிள்ளை. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அங்கே நடந்தது எதுவும் என் மனதில் ஏறவில்லை.

பல வருஷங்களுக்கு முன், எனக்குக் கல்யாணமாகி நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போன புதிது. காப்பி செத்துத் தேயிலை வந்துவிட்ட காலம். பழைய காப்பி ஸ்டோர் சும்மா கிடந்தது. அதன் மூலையில்தான் அவள் நின்றாள், கையில்லாத ஒரு பெண் சுரூபம். முன்பிருந்த துரையின் மனைவி நம் வேதக்காரியாம். அவர்கள் சீமைக்குப் போனபோது பங்களாச் சமையற்காரர் அந்தச் சுரூபத்தை லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்கென்று மாட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதில் இரண்டு கையும் மணிக்கட்டோடு போய்விட்டன.

புனிதர்களான அர்ச்சியசிஷ்ட பெண்களைக் கையில் இருப்பதை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். ஆட்டுக்குட்டி இருந்தால் ஆக்னேசம்மாள், கோபுரம் இருந்தால் பார்பரம்மாள். கையே இல்லாதவளை யாரென்று சொல்வது? அதனால் அவரவருக்கு வேண்டியவளாக அவள் இருந்தாள். பல்வலிக்காரி அப்பொலோனியம்மாளே என்று கூப்பிடுவாள். இடி முழங்கினால் அவள் பார்பரம்மாள். எங்கள் லயத்துக் காளியம்மா வேப்பிலை செருகிவிட்டு, "எங்க ஆத்தாதான் ஒங்க வீட்ல வந்து நிக்கிறா" என்பாள். சேவல் காணாமல் போன ஒருத்தி அவளிடமே வந்து அழுததற்கு, "காணாமப் போனதத் தேடிக் குடுக்கிறது அந்தோனியார் வேலடி, பொம்பளைகிட்ட ஏன் கேக்குற" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

பதுளையில் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் ஞாயிறுகளில் செபம் வாசிக்க என்னை முன்னால் தள்ளிவிடுவார்கள். எனக்குச் சத்தம் எழும்பாது. "நீ வாசிக்கிறது கொசுவுக்குத்தான் கேக்கும்" என்பாள் அருளாயி அக்கா. கொசுவுக்காவது புண்ணியம் சேரட்டும் என்று வாசிப்பேன்.

அருளாயி அக்காவின் காம்பராவும் எங்கள் காம்பராவும் ஒரே சுவர். அவளுக்குப் பிறந்த மூன்றும் தவழுகிற வயதுக்கு முன்பே போய்விட்டன. கையில்லாத அம்மா அவளுக்கு அன்னம்மாள். மாதாவையே பெற்றவள், பிள்ளை கொடுக்கிறவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் அக்கா ஸ்டோருக்குள் போய், நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மொட்டைக் கைகளின் மேல் ஒரு சின்னச் சட்டையை மடித்து வைப்பாள். மாலையில் கொழுந்தை எடை நிறுத்துவிட்டு வந்து எடுத்துக்கொள்வாள். ஒருநாள் நான், "கையே இல்லையே அக்கா, எப்படிக் குடுப்பாங்க?" என்றேன்.

"கை இருக்கிறவங்கதான் போன்னு தள்ளுவாங்க. இவ யாரத் தள்ளுவா?" என்றாள்.

நாலாவது முறை அவள் உண்டாகியிருந்தபோது பூசை வைக்கும் பங்குச் சாமியார் குதிரையில் வந்தார். நல்ல மனுஷர். வருஷத்துக்கு ஓரிரு முறைதான் அந்த மலைக்கு ஏற முடியும் அவரால். வருஷா வருஷம் நாங்கள் பூசிய சுண்ணாம்பைப் பீடத்திலிருந்து பேனாக்கத்தியால் சுரண்டினார். அடியில் இங்கிலீஷ் எழுத்து. படித்துவிட்டுச் சிறு பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். அவள் லூசியம்மாளாம். கண்ணுக்குப் பாதுகாவலி.

அடுத்த தடவை வந்தபோது ஒரு சவுக்காரப் பெட்டியில் வைக்கோல் சுற்றிப் புதுக் கைகளைக் கொண்டுவந்தார். தானே சாந்து குழைத்து ஒட்டினார். ஒரு கையில் இரண்டு கண்கள் வைத்த தட்டு, மற்றதில் குருத்தோலை. பிறகு லூசியம்மாளின் சரித்திரத்தை வாசிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அன்றைக்கு என் குரல் எல்லாருக்கும் கேட்டது, அவ்வளவு அமைதி. கல்யாணம் வேண்டாம் என்று மறுத்த கன்னிப்பெண். மறுத்ததற்காக அவளைக் காட்டிக்கொடுத்து, கழுத்தில் குத்திக் கொன்றார்கள்.

அருளாயி அக்கா வயிற்றைத் தாங்கியபடி எழுந்தாள்.

"சாமி, கல்யாணமே வேணாம்னு செத்த பொண்ணுகிட்டயா நான் இத்தன வருசமா புள்ள கேட்டேன்?"

"வருந்தாதே மகளே. மோட்சத்தில் அவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்" என்றார் சாமியார்.

"ஒண்ணா இருந்தா, இந்தம்மா அந்த அன்னம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டாங்களா?"

அக்கா மடியிலிருந்த சட்டையை எடுத்துச் சுரூபத்தைப் பார்த்தாள். தட்டும் ஓலையும் இருந்த இடத்தில் அதை வைக்க வழியில்லை. "ரெண்டு கையும் நெறஞ்சிருச்சு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு அவள் ஸ்டோருக்கு வரவில்லை.

மாரி மழையில் பெண் குழந்தை பிறந்தது. குரங்குக்குட்டி மாதிரி இருந்தது, அழவில்லை. ஆற்றில் வெள்ளம், டாக்டரைத் தேடிப் பசறைக்கு ஆள் அனுப்ப முடியாது. சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் இல்லாமலே அவசர ஞானஸ்நானம் கொடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பேரு அக்கா?" என்றேன்.

"நீயே ஏதாச்சும் சொல்லு. அவங்க பேரு ஒண்ணும் வேணாம்."

யோசித்தேன். எஸ்தாக்கி, மதலேன், செசிலி, கத்தரீன். எனக்குத் தெரிந்த பெயரெல்லாம் அந்த அர்ச்சியசிஷ்ட பெண்களுடையவை. என் பெயரும் அவர்கள் தந்ததுதான். குழந்தையின் மூச்சு தூரம் தூரமாக வந்தது. "பாப்பா" என்று சொல்லி ஊற்றினேன். அது செல்லுமா என்று இன்றுவரை நான் எந்தச் சாமியாரிடமும் கேட்கவில்லை. செல்லாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

பிள்ளையைப் புதைத்த பிறகும் அக்கா கொழுந்துக்கு வந்தாள், பேச்சுத்தான் குறைந்துபோனது. இரண்டு மழைக்கு அப்புறம் காய்ச்சலில் போனாள். சாமியாரும் செத்துப்போனார். லூசியம்மாளிடம் கண்வலிக்காரர்கள் மட்டும் வந்தார்கள். பிறகு அவர்களும் தோட்டத்து மருந்துக்காரரிடம் போய்விட்டார்கள். காளியம்மாவின் வேப்பிலையைக்கூட யாரோ வேண்டாமென்று எடுத்துப் போட்டார்கள். ஸ்டோரைப் பிரித்துத் தகரத்தைப் புது ஆலைக்குக் கொண்டுபோனபோது சுரூபம் எங்கே போனது என்று தெரியவில்லை. குழந்தைகளைப் புதைத்த சரிவில் தேயிலை நட்டுவிட்டார்கள். பாப்பா எந்தச் செடிக்குக் கீழே என்று இப்போது என்னாலும் காட்ட முடியாது.

போன வாரம் பெட்டியிலிருந்து வந்தது அன்னம்மாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பீடத்தில் ஏற்றிவிட்டுக் கோயில்பிள்ளை வேர்வையைத் துடைத்தார்.

"இனிமே புள்ள வரம் கேக்குறவங்களுக்கு ஒரு எடம் ஆச்சு, என்னாங்க அக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கை சிறுமியான மாதாவின் தோளில், மற்றதில் திறந்த புத்தகம். ஒரு சின்னச் சட்டை வைக்க இடமில்லை.

"ஆமாங்க" என்றேன். சிந்திய வைக்கோலைக் கூட்டத் தொடங்கினேன்.