மனு போய்ச் சேர்ந்த இடம்

எழுபதுகளின் பிற்பகுதி. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்காக நிலம் எடுத்து, ஒவ்வொரு தொழிற்சாலையாகச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த சமயம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அலுவலகம் என்றால் மீஞ்சூரில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் இரண்டு அறைகள். ஒரு தட்டச்சு இயந்திரம், ஒரு தொலைபேசி, இரண்டு மர அலமாரிகள். ஆட்களும் இரண்டு பேர்தான். நான், அப்புறம் வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசி அனுப்பும் ஒரு கட்சிக்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார்.

கூட்டத்தொடர் நடக்கும்போது எம்.பி. டெல்லியில் இருப்பார். கிளம்பும் முன், தன் பெயர் அச்சிட்ட தாள்கள் இருபது, இருபத்தைந்தில் அடியில் கையெழுத்து மட்டும் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். வருகிற மனுவை எந்த அதிகாரி கவனிக்க வேண்டுமோ அவர் பெயருக்கு, "இத்துடன் இணைத்துள்ள மனுவின் மீது தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்" என்று அந்தத் தாளில் தட்டச்சு செய்து, மனுவையும் இணைத்து அனுப்புவது என் வேலை. அனுப்பியதும் மனு கொடுத்தவருக்கு ஒரு தபால் அட்டை போடுவேன். பதில் வந்தால் இன்னொன்று. யார்மீதாவது புகார் என்றால் மட்டும், அவர் திரும்பி வரும்வரை அந்த மனுவைத் தொடக்கூடாது என்று எம்.பி. சொல்லியிருந்தார்.

எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். மனுக்களை ஊர் வாரியாகவும் துறை வாரியாகவும் பிரித்து, வரிசை எண் போட்டு, எத்தனை வந்தாலும் அன்று மாலைக்குள் உறையில் போட்டுவிடுவேன். மனுவின் தலைப்பையும் முதல் பத்தியையும் பார்த்தால் போதும், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியது என்று தெரிந்துவிடும். கட்சிக்காரர் கிண்டல் செய்வார்.

"இன்னா சார், மனு குடுத்தவன் படியெறங்கி டீ குடிக்கிறதுக்குள்ள கவரு ஒட்டிட்ட? தபாலாபீஸ்காரன் தோத்தான் போ!"

எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்குமேல் இருக்கும். கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோடு போட்ட நோட்டுத்தாளில் யாரையோ பிடித்து எழுதி வாங்கிய மூன்று பக்க மனு. வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

"கொஞ்சம் முழுசா படிச்சிப் பாரு சார்."

"படிச்சிட்டுத்தாம்மா அனுப்புவோம். நீங்க போங்க."

தலைப்பு, "நிலம் கொடுத்த குடும்பத்துக்கான வேலைக்குச் சான்று வேண்டி" என்றிருந்தது. நிலம் எடுக்கப்பட்ட குடும்பம் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு அங்கே வந்த தொழிற்சாலை ஒன்றில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிலம் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். சான்று என்றால் தாசில்தார். பொன்னேரி தாலுகா ஆபீசுக்கு அன்றே அனுப்பிவிட்டேன்.

மூன்றே வாரத்தில் பதில் வந்தது. "மனுதாரரின் கோரிக்கை விசாரிக்கப்பட்டு, ஏற்க இயலாதது எனக் கண்டறியப்பட்டது." அவ்வளவு விரைவாகப் பதில் வருவது அபூர்வம். மகிழ்ச்சியோடு "முடிவு பெற்றது" என்று குறித்து, அவருக்கு இரண்டாவது அட்டையும் போட்டேன்.

அடுத்த புதன்கிழமை காலை அந்த அட்டையோடு வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை.

"சார், என் மனு யாருகிட்ட போச்சின்னு தெரியுமா உனுக்கு?"

"தாசில்தாருக்கு."

"இல்ல சார். எங்க ஊரு கர்ணத்துகிட்ட."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். கிராமத்து நிலக் கணக்கெல்லாம் கர்ணத்தின் கையில்தான். நிலம், கணவர் பெயரிலும் அவருடைய அண்ணன் பெயரிலும் கூட்டாக இருந்தது. கணவர் இறந்தபின் மொத்த நிலத்தையும் அண்ணனே பயிரிட்டு அனுபவித்துவந்ததாகக் கர்ணம் எழுதிவிட்டார். அண்ணனின் மகன்கள் இரண்டு பேருக்கும் வேலைப் பட்டியலில் இடம் கிடைத்தது. இவர் பெயர் இல்லை. மனுவே அந்தக் கர்ணத்தின் மீதான புகார்தான்.

"தலையாரிய வுட்டு என்ன இட்டாரச் சொன்னாரு கர்ணம். போனா, ஊரு ஆளுங்க பத்து பேரு குந்திக்கினு கீறாங்க. என் மனுவ கையில வச்சிக்கினு, 'கர்ணம் மேல புகாரு வந்துகீது, கர்ணமே விசாரிக்கணும்னு ஆர்டரு. சொல்லும்மா, அந்தக் கர்ணம் இன்னா தப்பு பண்ணான்?'னு கேக்குறாரு. எல்லாம் சிரிக்குதுங்க. அப்புறம் மூணு பக்கத்தையும் சத்தமா படிச்சாரு."

கட்சிக்காரர் என்னைப் பார்த்தார். அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"வர்ற சனிக்கெழம லிஸ்ட்ட மூடிடுவாங்களாம் சார்," என்றார் அந்தப் பெண்.

டெல்லிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். கிடைக்க மூன்று மணி நேரமானது. அதுவரை அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்ட தாள்கள் இன்னும் நான்கு மீதி இருந்தன. தாசில்தாருக்குக் கடுமையாக ஒரு கடிதம் அடித்துவிடலாமா என்றுதான் எம்.பி.யிடம் கேட்டேன். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"லெட்டர் எதுவும் வேணாம். அந்தம்மாவ கூட்டிக்கிட்டு நீயே தாசில்தார்கிட்ட போ. தப்பு எங்களுதுன்னு வாயால சொல்லு," என்றார்.

மறுநாள் பொன்னேரி போனோம். தாசில்தார் எரிச்சலோடுதான் கோப்பை வரவழைத்தார். என் அலுவலகக் கடிதம் மேலே இருந்தது. அதன் ஓரத்தில், "அறிக்கைக்கு" என்று எழுதித் தலைமை எழுத்தருக்கு ஒரு சுருக்கொப்பம். அதன்கீழ் வருவாய் ஆய்வாளருக்கு, "அறிக்கைக்கு." அதன்கீழ் கர்ணத்துக்கு, "அறிக்கைக்கு." கடைசியில் கர்ணத்தின் அழகான கையெழுத்தில், கோரிக்கை ஏற்க இயலாதது என்ற அறிக்கை. அதுவே ஒவ்வொரு படியாக மேலேறி எனக்கு வந்திருக்கிறது.

"தப்பு எங்க ஆபீசுல ஆரம்பிச்சது சார். புகார்னு பார்க்காம நான்தான் அனுப்பினேன்," என்றேன்.

"மனுவைப் படிங்க. இன்னா எழுதியிருக்காங்கன்னு நானும் கேக்குறேன்," என்றார் அவர்.

நின்றபடியே படித்தேன். முதல் பத்தி எனக்குத் தெரிந்ததுதான். மற்றதை அப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறேன். மூன்றாவது பக்கத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "இந்த மனு விஷயம் கர்ணம் அவர்களுக்குத் தெரிந்தால் நான் ஊரில் குடியிருக்க முடியாது. ஆகவே தாங்களே ரகசியமாக வைத்து உதவ வேண்டும்." அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான், தலைமை எழுத்தர், ஆய்வாளர், தாசில்தார் என்று நான்கு பேர் கைமாறிய அந்தக் காகிதத்தை முழுவதும் படித்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அது கர்ணம்.

தாசில்தார் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வேறொரு பகுதியின் ஆய்வாளரை அழைத்து, கிராமத்துக்கு நேரில் போய் அக்கம்பக்கத்து நிலக்காரர்களை விசாரிக்கச் சொன்னார். அவர் சனிக்கிழமை போனார். கணவரின் பங்கை இந்தப் பெண்தான் பயிரிட்டுவந்தார் என்று நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை சான்று கைக்கு வந்தது. பட்டியல் சனிக்கிழமை மாலையே மூடப்பட்டுவிட்டது.

இரண்டாவது பட்டியல் ஏழு மாதம் கழித்து வந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. பொருள்களைக் கட்டி அடுக்கும் பிரிவில் வேலை. சொல்லிவிட்டுப் போக அலுவலகத்துக்கு வந்தார். கட்சிக்காரர் கீழே போய் டீ வாங்கிவந்தார். நான் எழுந்து நின்று, ஏழு மாதம் என்னால் வீணாயிற்று என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"வுடு சார். தண்ணிக்குப் போவணும்னா கர்ணம் ஊட்டத் தாண்டித்தான் போவணும். ஏழு மாசமும் அந்தத் தெருவுலதான் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். நீயாவது தப்புன்னு வாயத் தொறந்து சொன்ன. அந்த ஆளு இன்னமும் என் மனுவ மனப்பாடமா ஒப்பிச்சிக்கினு கீறாரு," என்று சொல்லிச் சிரித்தார்.

நான் டீயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கர்ணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எம்.பி. திரும்பி வந்தபின், இந்த விஷயத்தை ஒருமுறை மட்டும் பேசினார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கையெழுத்துப் போட்டுத் தாள் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அது சரி என்றே எனக்கும் பட்டது.

இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். அதற்குப் பிறகு இரண்டு அலுவலகங்களில் வேலை செய்துவிட்டேன். விரைவாகச் செய்பவன் என்று அங்கே யாரும் என்னைச் சொன்னதில்லை. ஒருவர் குறையை எழுதிக் கொடுத்தால், யாருக்கு எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், யார் கையில் கிடைத்துவிடக் கூடாது என்று பயந்து எழுதியிருக்கிறார் என்று தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது.