நட்சத்திரத்துக்குக் கீழே சிக்கிய ரவை

பீட்டர் என்ற வாடிக்கையாளர் அந்த ரிவோல்வரைக் குளியல் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். துவாயை விரித்ததும் நான் முதலில் செய்தது, துவக்கின் வாயை மணல் வாளிப் பக்கம் திருப்பி வைத்ததுதான். அது பாதி மடிந்தபடி நின்றது. முழுதாகத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. சிலிண்டரின் ஒரு துளைக்குள் பித்தளை தெரிந்தது. உள்ளே ஏதோ இருப்பதைக் கவனிக்காமலே மனிதர் நகரத்தைக் கடந்து கார் ஓட்டி வந்திருக்கிறார்.

கனடாவின் ஸ்காபரோவில் பழைய துவக்குகளை ஏலம் விடும் ஒரு நிறுவனத்தின் பட்டறையில் எனக்கு வேலை. எந்தப் பாகம் அசல், எது பிறகு மாற்றியது, எது முழுப் போலி என்று பார்த்துச் சொல்லவேண்டும். சந்தேகப்படுவதுதான் தொழில். என்னையும் யாரும் சந்தேகப்படாமல் விட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த ஒருவன், லேத் வேலையை விட்டுவிட்டுத் துவக்குப் பட்டறைக்கு விண்ணப்பித்தால் கேள்வி வரத்தான் செய்யும். முதலாளி க்ளென் இன்டர்வியூவில் துவக்கைப் பற்றிக் கேட்டது குறைவு. ஊரில் என்ன செய்தாய் என்பதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார். கோயிலில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால், மனைவி இன்றுவரை "அவர் மெஷின் ஷொப்பில" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவாள்.

பீட்டரின் தகப்பனார் குளிர்காலத்தில் இறந்துபோனார். வீட்டை ஒதுக்கும்போது இந்த ரிவோல்வர் அலுமாரியில் கிடந்தது. ஆனால் இது அப்பாவுடையது இல்லை என்றார் பீட்டர். அப்பாவின் துவக்கு ஒரே தட்டில் டக்கென்று மூடும், அந்தச் சத்தம் சின்ன வயதிலிருந்தே தனக்குத் தெரியும், யாரோ நல்லதை எடுத்துக்கொண்டு உடைந்த ஒன்றை வைத்துவிட்டார்கள் என்றார். அந்த 'யாரோ' தகப்பனைக் கடைசிவரை பராமரித்த சாந்தினி. டோர்செட் பார்க் என்ற குடியிருப்புப் பகுதியில் இருக்கும் தமிழ்ப் பெண். பீட்டர் முறைப்பாடு செய்ய, அவளை அனுப்பிய பராமரிப்பு ஏஜென்சி அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது.

க்ளென் என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், அவளைத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். சரி, ஆனால் கமராவுக்கு முன்னால் வைத்துத்தான் திறக்கவேண்டும் என்றார். தானும் பீட்டரும் பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார். ஸ்காபரோவில் இருக்கும் தமிழர் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று நினைத்தார் போல. நான் கையுறையை மாட்டினேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். மிகப் பழைய ரிவோல்வர்களில் மருந்தையும் ஈயக் குண்டையும் ஒவ்வொரு துளையிலும் தனித்தனியாக இடித்து நிரப்பவேண்டும். மருந்தும் குண்டும் ஒன்றாக அடைத்த பித்தளை ரவை வந்ததும் நிரப்புவது சுலபமாயிற்று. சுட்டபின் வெற்றுக் கோதை வெளியே எடுப்பதுதான் புதுப் பிரச்சினை. சூட்டில் கோது விரிந்து துளையில் இறுகிவிடும். முதலில் பக்கத்தில் ஒரு சின்னக் கதவும் ஒரு கம்பியும் வைத்து, ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளினார்கள். அடுத்து வந்ததுதான் நடுவில் மடியும் துவக்கு. மேல் கொக்கியை விடுவித்து மடித்தால், சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, எல்லாக் கோதுகளையும் விளிம்பில் பிடித்து ஒரேயடியாக வெளியே தள்ளும். அதுதான் எக்ஸ்ட்ராக்டர். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு குறை உண்டு. துவக்கின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து அரைகுறையாகத் திறந்தால், ஒரு ரவை விளிம்பு நழுவி நட்சத்திரத்துக்குக் கீழே விழுந்துவிடும். பிறகு நட்சத்திரம் கீழே இறங்காது. துவக்கு மூடாது.

இதிலும் அதுதான் நடந்திருந்தது. சின்ன லைட்டை அடித்துச் சிலிண்டரின் முன்பக்கம் பார்த்தேன். ஈயத்தின் சாம்பல் நிறம் தெரிந்தது. வெற்றுக் கோது இல்லை, சுடாத ரவை. இருவரையும் பின்னால் போகச் சொன்னேன். துவக்கை முழுதாக மடித்து, நட்சத்திரத்தை விரலால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மரக்குச்சியால் முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ரவையைச் சரித்து எடுத்தேன். பிறகு மூடினேன். டக்.

பீட்டரின் முகம் மாறிவிட்டது. இதுதான் அப்பாவின் துவக்கு என்றார்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. நான் ரவையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் நடுவில் துவக்கின் ஊசி அடித்த பள்ளம். சுற்றிவரக் கறுத்திருந்த உலோகம் பள்ளத்தில் மட்டும் மினுங்கியது. அண்மையில் யாரோ விசையை இழுத்திருக்கிறார்கள். ரவை பழசானபடியால் வெடிக்கவில்லை. இதைச் சொன்னதும் பீட்டர் எழும்பி நின்றுவிட்டார். "அப்படியென்றால் அவள் அப்பாவைச் சுடப் பார்த்திருக்கிறாள்."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் மனதில் ஓடியது.

க்ளென் பொலிசுக்கு அறிவித்தார். அவர்கள் வருவதற்குள் பீட்டர் சாந்தினிக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவள் பதற்றத்தில் ஆங்கிலத்தைக் கைவிட்டுத் தமிழுக்கு மாறினாள். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல் என்றார் க்ளென்.

"அண்ணை, கடைசி நாளுகளில அவருக்கு என்னை ஆரெண்டு தெரியாமல் போட்டுது" என்றாள். "ஒருநாள் காலமை நான் கதவைத் திறந்து உள்ள போக, கள்ளி வந்திட்டாள் எண்டு துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறார். டிக் எண்டு ஒரு சத்தம் கேட்டுது. நான் பாய்ஞ்சு துவக்கைப் பிடிச்சுக் கீழ அமத்தினன். அது மடிஞ்சு ரவையள் எல்லாம் நிலத்தில கொட்டுண்டுது."

கீழே அமுக்கினாள். அவளுடைய கை பட்டுக் கொக்கி விடுபட்டிருக்கவேண்டும். ரவை எப்படிச் சிக்கியது என்பதைப் பற்றி நாங்கள் அவளிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை; ஆனாலும் அவள் கதை அதோடு பொருந்தியது.

மற்ற ரவைகள் எங்கே என்று கேட்டேன். மூட முடியாத துவக்கை அலுமாரியில் வைத்துவிட்டு, ரவைகளைக் கராஜில் ஆணி போடும் தகர ரின்னுக்குள் ஒளித்து வைத்ததாகச் சொன்னாள். ஏன் யாருக்கும் சொல்லவில்லை?

"சொன்னால் பொலிஸ் வரும், அவரைக் கொண்டுபோய் எங்கையாவது அடைப்பினம். அவர் பிறகு சரியா அழுதவர் அண்ணை, என்ன நடந்ததெண்டு விளங்காமலே."

நான் வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். 'கள்ளி' வந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, அதையும் சொன்னேன். பீட்டர் யாரையும் பார்க்கவில்லை.

பொலிசார் அந்த வீட்டுக் கராஜில் ரின்னைத் திறந்தபோது ரவைகள் ஆணிகளுக்குள் கிடந்தன. ஏஜென்சி அவளை மீண்டும் வேலைக்கு எடுத்தது. நடந்ததை உடனே அறிவிக்காததற்கு எச்சரிக்கையும் கொடுத்தது. ரிவோல்வரைப் பீட்டர் ஏலத்துக்குக் கொடுக்கவில்லை.

ரவையில் இருந்த பள்ளத்தை நான் சரியாகத்தான் பார்த்தேன். அதை வைத்து மனதில் கட்டிய கதைதான் பிழை. அதற்குப் பிறகு, பாகத்தில் கண்டதை மட்டும் சொல்கிறேன். யார் செய்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

சில நாட்களில் பீட்டர் அவளை நேரில் பார்க்கவேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு டோர்செட் பார்க்குக்குப் போனார். கட்டடத்தின் லொபியில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டார். கடைசியில், எனக்காவது அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றார்.

சாந்தினி என் பக்கம் திரும்பினாள். "சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ எண்டு கேளுங்கோ அண்ணை."

கேட்டேன். பீட்டர் இல்லை என்று தலையாட்டினார்.