செத்த வீட்டுக்கு முன்னால அக்கா முறுக்கின சத்தம்

பைக் ஓடுறவன் கியர் மாத்தேக்க ஏன் அக்சிலேட்டரை முறுக்குறான் எண்டு எங்கட ஒழுங்கையில ஆரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். கொழுப்பு. பெட்டையளுக்குப் படம் காட்டுறான். ஓம், அப்பிடியும் கனபேர் இருக்கினம். கியரைக் கூட்டேக்க முறுக்குறவனெல்லாம் அந்த ரகம்தான். கம்பஸில படிக்கேக்க நானும் அந்த ரகம், மறைக்கேல்ல. ஆனா கியரை இறக்கேக்க முறுக்குறது வேற கதை. அந்தக் கதையில என்ட அக்கா சாகப் பாத்தவ. காரணம் நான்.

எங்கட வீடு உவர்மலையில. வீட்டு வாசல்ல தொடங்குற ஒழுங்கை நேரா ஹாபர் ரோட்டுக்கு இறங்கும். சும்மா இறக்கம் இல்ல, தேங்காய் ஒண்டு கை தவறி விழுந்தா கீழ போய்த்தான் பொறுக்கோணும். மேல நிண்டு பாத்தா கடல் வடிவாத் தெரியும், ரோட்டில என்ன வருகுதெண்டு தெரியாது. ஒழுங்கை முடியிற இடத்தில ரெண்டு பக்கமும் மதில். மதிலுக்கு அங்கால சீனன்குடாப் பக்கமிருந்து எண்ணெய் பவுசர் வரும், டிப்பர் வரும், பஸ் வரும். ஹோர்ன் சத்தம் கேக்கிறதுக்கும் வாகனம் முன்னால நிக்கிறதுக்கும் இடையில ஒரு மூச்சு விடலாம், அவ்வளவுதான்.

பைக் பேருக்கு என்ட பைக். ஓடுறது அக்கா. எனக்குப் படிச்சு முடிச்சும் வேலை இல்ல, அவவுக்கு நிலாவெளியில ஒரு ஹோட்டலில ரிசப்ஷன் வேலை, காலமை ஆறரைக்கு வெளிக்கிடோணும். அவ இந்த இறக்கத்தில இறங்கிற மாதிரி ஆரும் இறங்கிறேல்ல. மூண்டாம் கியரில வந்து, கிளச்சைப் பிடிச்சு, ஒரு சின்ன முறுக்கு, ரெண்டு. திரும்ப ஒரு முறுக்கு, ஒண்டு. வ்றூம், வ்றூம். பிறகு பைக் பூனை மாதிரி இறங்கும்.

விசயம் சிம்பிள். சின்னக் கியரில எஞ்சின் வேகமாச் சுத்தோணும். நீங்க முறுக்காம கியரை இறக்கிக் கிளச்சை விட்டா, மெதுவாச் சுத்துற எஞ்சினைப் பின் சில்லுத்தான் இழுத்துச் சுத்தப் பண்ணோணும். மணல் கிடக்கிற இறக்கத்தில சில்லுக்கு அது ஏலாது. அப்பிடியே இறுகிச் சறுக்கும். முதல்லயே முறுக்கி எஞ்சினைச் சுத்த வச்சா ரெண்டும் ஒத்துப்போகும், எஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிப்பாட்டும். எங்கட பைக்குக்கு அது கட்டாயம், ஏனெண்டா பின் பிரேக் சரியில்ல. சில்லுக்குள்ள அமத்திப் பிடிக்கிற சூ தேஞ்சு போச்சு. புதுச் சூ எங்கட ஒழுங்கைக் கராஜ் அண்ணேட கடையில வந்து கிடந்தது. "கொண்டுவாரும் தம்பி, அரை மணித்தியால வேலை" எண்டு அவர் ரெண்டு தரம் சொன்னவர். ரெண்டு தரமும் நான் நாளைக்கு எண்டு சொன்னனான்.

அதுக்குள்ள கராஜ் அண்ணேட அப்பா செத்துப்போனார்.

அவையட வீடு இறக்கத்தின்ட நடுவில. விடியேக்க ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி. வாசல்ல தரப்பாள், தரப்பாளுக்குக் கீழ பிளாஸ்ரிக் கதிரை. கனடாவில இருக்கிற இளைய மகன் வரும்வரைக்கும் மூண்டு நாள் வச்சிருக்கப் போகினம் எண்டு கதை. எங்கட பக்கம் ஒரு பழக்கம், வெள்ளைக்கொடிக்குக் கீழ ஆரும் எஞ்சின் சத்தம் போடுறேல்ல. கிளச்சைப் பிடிச்சுக்கொண்டு உருட்டுவினம். சில பேர் எஞ்சினையே நிப்பாட்டிப்போட்டு, தலையைக் குனிஞ்சுகொண்டு உருளுவினம். தரை மட்டமா இருந்தா நல்ல பழக்கம்தான்.

முதல் நாள் அக்கா வழமை மாதிரி முறுக்கிக்கொண்டு இறங்கிற்றா. அவ போன பிறகு முன் வீட்டு ஐயா என்னட்ட வந்தார். அக்காட்டக் கதைக்க மாட்டார், ஆம்பிளையிட்டத்தான் கதைப்பார்.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. செத்த வீட்டுக்கு முன்னால ஒரு பொம்பிளப் பிள்ளை உப்பிடி முறுக்கிக்கொண்டு போறது வடிவே?"

"இல்ல ஐயா, அது பிரேக்..."

"பிரேக்கைப் பற்றி நான் கேக்கேல்ல."

எனக்கு வெக்கமாப் போச்சு. பின்னேரம் அக்கா வந்து ஹெல்மெட்டைக் கழட்டக்கூட விடேல்ல.

"நாளைக்குக் கிளச்சைப் பிடிச்சு உருட்டு. சனம் கதைக்குது."

"உருட்டினா ஆர் நிப்பாட்டுறது? உன்ட வாயா?"

"முன் பிரேக் இருக்குத்தானே."

"இறக்கத்தில, மணல்ல, முன் பிரேக்? டேய், நீ உண்மையாவே கம்பஸ் போனனியா, இல்லாட்டிக் கன்ரீனுக்கா?"

"மூண்டு நாள்தானே அக்கா."

அவ ஹெல்மெட்டைக் கழட்டி பைக் கண்ணாடியில கொழுவினா. அவவுக்கும் சனத்துக்குப் பயம் இருக்கு, காட்டமாட்டா.

ரெண்டாம் நாள் காலமை நான் கேற்றில நிண்டு பாத்தனான். தரப்பாளுக்குக் கிட்டப் போகேக்க கிளச்சைப் பிடிச்சா, சத்தம் அடங்கிச்சுது. பைக் உருண்டது. எஞ்சின் பிடி இல்லாட்டி அந்த இறக்கம் எவ்வளவு வேகம் எண்டு அண்டைக்குத்தான் கண்டன். பின்னால சிவப்பு லைட் அணையவே இல்ல, அவ்வளவு நேரமும் பிரேக்கை மிதிச்சுக்கொண்டே போறா, வண்டி கேக்கேல்ல. கீழ மதிலடியில ஒண்டாம் கியரை அப்பிடியே போட்டிருக்கோணும். சர்ர்ர் எண்டு ஒரு சத்தம், பின் சில்லு பாம்பு மாதிரி நெளிஞ்சுது. காலை ஊண்டி நிண்டா. அதே மூச்சில அவவுக்கு முன்னால ஒரு பவுசர், மதிலுக்கும் மதிலுக்கும் இடையில வெள்ளையா நீளமாப் போச்சு. போய் முடிய கொஞ்ச நேரம் எடுத்தது.

அவ திரும்பி மேல பாத்தா. ஹெல்மெட்டுக்குள்ள முகம் தெரியேல்ல. பிறகு போயிட்டா.

டவுனில வேற கராஜ் இல்லையோ எண்டு கேப்பியள். இருக்கு. அண்டு பின்னேரம் கொண்டுபோயிருக்கலாம். அந்தாள் வீட்டில பிணம் கிடக்க வேற கராஜுக்குப் போனா என்ன நினைப்பார் எண்டு எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னனான். அது பொய். சோம்பல். அக்கா வந்தவ, சாப்பிட்டவ, படுத்தவ. என்னோட ஒரு கதை இல்ல. பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மூண்டாம் நாள். கனடா மகன் வந்துசேர்ந்திற்றார், பின்னேரம் எடுக்கிறது. காலமையே சனம். கதிரை தரப்பாளைத் தாண்டி ஒழுங்கையின்ட பாதிக்கு வந்திட்டுது. ராத்திரி மழை வேற, மேல இருந்து மணல் எல்லாம் கழுவுப்பட்டு இறங்கி மதிலடியில பாயா விரிஞ்சு கிடந்தது. "இண்டைக்கு பஸ்ஸில போ" எண்டு சொல்ல வாயெடுத்தன். முன் வீட்டு ஐயா தரப்பாளடியில இருந்து என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னது, "சத்தம் போடாமப் போ."

அக்கா ஒரு பார்வை பாத்தா. ஸ்டார்ட் பண்ணினா. போனா.

தரப்பாளடிக்கு முன்னமே கிளச்சைப் பிடிச்சிட்டா, சத்தம் அடங்கிச்சுது. உருளுது. சிவப்பு லைட் எரியுது. கதிரையில இருந்தவை காலை இழுத்து வழி விட்டவை, ஆரோ ஒராள் நல்ல பிள்ளை எண்ட மாதிரித் தலையை ஆட்டினார். வேகம் கூடுது. கீழ, மதிலுக்கு அங்கால, ஹோர்ன். நீளமான ஹோர்ன்.

வ்றூம்.

சரியாப் பிணம் கிடக்கிற வாசலுக்கு நேர. முழுச் சனமும் திரும்பிச்சுது. உள்ள ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தவை ஒரு கணம் நிப்பாட்டினவை. திரும்ப, வ்றூம். பைக்கின்ட பின்பக்கம் ஒருக்கா அமந்தது, வேகம் விழுந்தது, மணல்ல ஏறமுதல் மெதுவாகி, மதிலடியில நிண்டுது. பவுசர் போச்சு. அது போன காத்தில அவவின்ட கழுத்தில கிடந்த சோல் எழும்பி விழுந்தது மேல இருக்கிற எனக்கும் தெரிஞ்சுது.

அவ இந்தமுறை திரும்பிப் பாக்கேல்ல.

"மரியாதை தெரியாத சாதியள்" எண்டார் முன் வீட்டு ஐயா, எல்லாருக்கும் கேக்க. நான் இறங்கிப் போனனான், மன்னிப்புக் கேப்பம் எண்டு. கராஜ் அண்ணே வேட்டியோட, மேல உடுப்பில்லாம, வாசல்ல நிண்டார். மூண்டு நாள் நித்திரை இல்லாத கண்.

"சொறி அண்ணே. அக்கா..."

"பின் பிரேக் சூ இன்னும் மாத்தேல்ல, என்ன?"

இல்லை எண்டு தலையாட்டினன்.

"முறுக்கின முறுக்கில தெரியுது. பிரேக் இருக்கிறவன் அப்பிடி முறுக்கான்." வேட்டி மடிப்பில இருந்து ஒரு சாவியை எடுத்தார். "எனக்கு எட்டாம் நாள் செலவு முடியும்வரை கடை திறக்கேலாது. ரெண்டாம் தட்டில கிடக்கு. நீரே மாத்தும். இண்டைக்கு."

பிறகு உள்ள போயிட்டார், அவற்ற அப்பாட்ட.

அக்கா வேலையால வந்த உடனே சில்லைக் கழட்டினன். சூ எண்டு ஒண்டு இல்ல, இரும்புதான் மிச்சம், பிளேடு மாதிரி. நான் அதைக் கையில வச்சுக்கொண்டு இருக்க, அவ பக்கத்தில வந்து நிண்டு பாத்தா.

"ஐயா என்ன சொன்னவர்?"

"மரியாதை தெரியாது எண்டார்."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்ல."

"அதுதானே" எண்டிட்டு உள்ள போயிட்டா.

சூ மாத்தியாச்சு. இப்பவும் அவ முறுக்கித்தான் இறங்குறா, ஐயா இப்பவும் முகத்தைத் திருப்புறார். முப்பத்தோராம் நாள் சடங்கு முடியேல்ல, கொடி இன்னும் தொங்குது. காலமையில நான் கேற்றில நிண்டு அந்த ரெண்டு சத்தத்தையும் கேட்டிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறன்.

நேற்று அக்கா போய்க் கொஞ்ச நேரத்தால மீன்கார அண்ணே பைக்கில வந்தார். பின்னால பெரிய மீன்பெட்டி, ஐஸோட, ரெண்டு ஆள் பாரம். வழமையா ஒழுங்கை முழுக்க ஹோர்ன் அடிச்சுக்கொண்டு போறவர். முதல் கொடியைக் கண்ட உடனே ஹோர்னையும் விட்டார், எஞ்சினையும் நிப்பாட்டினார்.

"அண்ணே, கியரில போட்டு இறங்குங்கோ" எண்டு கத்தினன்.

அவர் திரும்பி, வாயில விரலை வச்சு, சத்தம் போடாத எண்டு காட்டினார். காட்டிக்கொண்டே உருண்டு போனார். கீழ, மதிலுக்கு அங்கால, பவுசர் ஹோர்ன் கேட்டுது.